டூன் பக்கி: காற்றை நம்பிய வண்டி கொதித்த கதை

நம்மூர்ப் பேச்சில் 'பக்கி' என்றால் அது ஒரு திட்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அது ஒரு வண்டி! பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் ஒன்றின் மேல்கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அடிச்சட்டத்தை வெட்டிக் குட்டையாக்கி, அதன் மேல் குளியல் தொட்டி மாதிரி ஒரு ஃபைபர் கிளாஸ் உடலை உட்காரவைத்து, பின்னால் எஞ்சினைத் திறந்தபடியே விட்டால் அதுதான் 'டூன் பக்கி'. டூன் என்றால் மணல்மேடு. சாலையே இல்லாத இடத்தில், கடற்கரை மணலிலும் பாலைவனத்திலும் ஓட்டுவதற்கென்றே பிறந்த வண்டி.

இந்த வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. கொதித்து ஆவி பறப்பதற்கு உள்ளே எதுவுமே இல்லை. ஆனாலும் 1960களிலும் 70களிலும் இதை வீட்டுக் கொல்லையில் கட்டியவர்களைப் படாத பாடு படுத்திய பிரச்சினைகளில் முக்கியமானது எஞ்சின் சூடாவதுதான். தண்ணீரே இல்லாத எஞ்சின் எப்படிக் கொதிக்கும்? இந்தக் கேள்விக்கான பதிலைப் பலர் எஞ்சினைப் பலி கொடுத்துத்தான் கற்றார்கள். இத்தனைக்கும் பெரும்பாலான சமயம் குற்றவாளி எஞ்சின் இல்லை. "இது எதுக்குடா வேஸ்ட்டா?" என்று கழற்றி மூலையில் போட்ட சில தகரத் துண்டுகள்!

சூட்டின் வரவு செலவு

எஞ்சினுக்கு ஒரு வரவு செலவுக் கணக்குப் போட்டால் விஷயம் எளிதில் புரியும். நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால், தோராயமாக முப்பது ரூபாய்க்கான சக்திதான் வண்டியை ஓட்டும் வேலையாக மாறுகிறது. இன்னொரு முப்பது, முப்பத்தைந்து ரூபாய் புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. மிச்சமெல்லாம் எஞ்சினின் உடம்பில் சூடாக இறங்குகிறது. அதை உடனுக்குடன் வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் நீர்த்துப்போகும், வால்வு கருகும், பிஸ்டன் விரிந்து சிலிண்டரோடு கவ்விக்கொள்ளும். மெக்கானிக்குகள் "எஞ்சின் சீஸ் ஆயிடுச்சு" என்று சொல்வது இதைத்தான்.

வெளியேற்ற இரண்டு வழிகள். ஒன்று, எஞ்சினுக்குள் தண்ணீரைச் சுற்றவிட்டு அதை ரேடியேட்டரில் ஆறவைப்பது. இன்னொன்று, சிலிண்டரைச் சுற்றி மெல்லிய உலோக மடிப்புகளை வைத்து நேரடியாகக் காற்றைப் பட வைப்பது. பைக் எஞ்சின்களில் வரிவரியாகத் தெரியும் 'ஃபின்'கள் இவைதான். பைக் எஞ்சின் எதிர்காற்றில் நிற்கிறது, ஓடும் வேகமே அதைக் குளிர்விக்கும். காரின் எஞ்சினோ ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அங்கே காற்று தானாக வராது. யாராவது கூட்டிக்கொண்டு வந்து, வேலை வாங்கி, வெளியே அனுப்ப வேண்டும்.

காற்றை நம்பியவர்கள்

இந்த வேலையை ஃபோக்ஸ்வாகனுக்கு முன்பே பலர் முயன்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் சிரக்யூஸ் நகரத்து ஃபிராங்க்ளின் கம்பெனி 1902 முதல் 1934 வரை காற்றால் குளிரும் கார்களை மட்டுமே செய்து விற்றது. அதாவது, முடியாத காரியம் இல்லை.

ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் இதில் சூடு பட்டுக்கொண்டது. காருக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் கொடுத்த அதே சார்லஸ் கெட்டரிங், சிலிண்டரைச் சுற்றிச் செப்புத் தகடுகளைப் பற்றவைத்து ஒரு செவ்ரோலே எஞ்சினை உருவாக்கினார். 1923ல் கார் சந்தைக்கு வந்தது. சோதனைக்கூடத்தில் நம்பிக்கை கொடுத்த எஞ்சின், வெளியே போனதும் சூடேறிச் சக்தி இழந்தது. விற்றவற்றை அந்த வருடமே திரும்பப் பெற்றார்கள். மேனேஜ்மென்ட் பாடங்களில் அடிக்கடி வரும் ஆல்ஃபிரட் ஸ்லோன் கம்பெனியின் தலைவரான வருடமும் அதுதான். 1964ல் வெளிவந்த தன் புத்தகத்தில் இந்த ஒரு எஞ்சினுக்காக அவர் ஒரு முழு அத்தியாயத்தையே ஒதுக்கியிருக்கிறார்.

போர்ஷே போட்ட காற்று வழி

1930களில் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் குழு மலிவான மக்கள் கார் ஒன்றைத் திட்டமிட்டது. அதன் எஞ்சினை வடிவமைத்தவர் ஃபிரான்ஸ் க்சேவர் ரைம்ஸ்பீஸ். நான்கு சிலிண்டர்கள், பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும். எஞ்சின் காரின் பின்னால். குளிர்காலத்தில் கராஜ் இல்லாமல் தெருவில் நிற்கப் போகிற கார் என்பதால் தண்ணீர் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். உறைந்து எஞ்சினைப் பிளக்கத் தண்ணீரே இல்லையென்றால் பயமில்லை அல்லவா?

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. பீட்டில் எஞ்சினில் காற்று 'சும்மா' படுவதில்லை. அதற்கென்று ஒரு பாதை உண்டு.

டைனமோவின் ஷாஃப்ட் முனையில் ஒரு ஃபேன். கிராங்க் புல்லியிலிருந்து வரும் ஒரே பெல்ட்தான் டைனமோவையும் ஃபேனையும் சேர்த்துச் சுற்றும். எஞ்சின் சுற்றுவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் ஃபேன் சுற்றும். (அதனால்தான் பீட்டிலில் டைனமோவுக்கான சிவப்பு விளக்கு எரிந்தால் 'பேட்டரி சார்ஜ் ஆகவில்லை, வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்' என்று ஓட்டக்கூடாது. பெல்ட் அறுந்திருந்தால் ஃபேனும் நின்றுவிட்டது என்று பொருள்!)

ஃபேன் இழுத்த காற்று ஒரு தகரக் கூட்டுக்குள் போய் இடது வலமாகப் பிரியும். ஒவ்வொரு ஜோடி சிலிண்டருக்கும் மேலே ஒரு தகர மூடி இருப்பதால் காற்று ஃபின்களுக்கு இடையில் புகுந்துதான் கீழே இறங்க முடியும். சிலிண்டர்களுக்கு அடியில், கண்ணுக்கே தெரியாத இடத்தில், சின்னதாக வளைந்த தகடுகள் உண்டு. அவை காற்றைச் சிலிண்டரின் அடிப்பக்கத்தையும் தழுவிப் போக வைக்கும். கடைசியாக, எஞ்சினைச் சுற்றிலும் கிடையாக ஒரு தகரத் தளமும், அதன் ஓரத்தில் ரப்பர் பட்டையும். இது எஞ்சின் அறையை மாடி வீடு மாதிரி இரண்டாகப் பிரிக்கிறது. மேல்மாடியில் குளிர்ந்த காற்று, கீழ்மாடியில் சுட்ட காற்று. கீழே போனது மேலே திரும்பி வரக்கூடாது. இதுதான் சட்டம்.

இந்த ஏற்பாடு எவ்வளவு உறுதியானது என்பதற்குப் போரே சாட்சி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்துக்காக இதே எஞ்சினை வைத்துக் கட்டிய கியூபல்வாகன் வண்டிகள் 50,000க்கு மேல். குடிக்கவே தண்ணீர் அரிதான வட ஆப்பிரிக்கப் பாலைவனத்திலும் அவை ஓடின.

மணலுக்கு வந்த பீட்டில்

போருக்குப் பிறகு பீட்டில் அமெரிக்காவில் லட்சக்கணக்கில் விற்றது. மோதி நசுங்கிய பீட்டில்கள் காயலான் கடைகளில் மலிவாகக் கிடைத்தன. அதே சமயம் கலிபோர்னியாவின் பிஸ்மோ கடற்கரை மாதிரி இடங்களில் பழைய அமெரிக்கக் கார்களை உரித்து மணலில் ஓட்டுவது இளைஞர்களுக்குப் பொழுதுபோக்காக இருந்தது. அந்தக் கார்களில் இருந்தது கனமான, தண்ணீரால் குளிரும் எஞ்சின். 1932ல் வந்த ஃபோர்டின் பழைய வி-8 எஞ்சினில் புகை போகும் வழி தண்ணீர் சுற்றும் பிளாக்கினூடாகவே போகும். சாலையிலேயே சூடாகும் என்று பெயர் வாங்கிய எஞ்சின் அது. மணலில் கேட்கவே வேண்டாம். பீட்டில் எஞ்சினோ எடை குறைவு, பின் சக்கரத்தின் மேலேயே உட்காரும், ரேடியேட்டர் தொல்லை இல்லை.

இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டவர் புரூஸ் மேயர்ஸ் (1926-2021). நியூபோர்ட் பீச்சில் ஃபைபர் கிளாஸ் படகு கட்டியவர், ஓவியர், அலைச்சறுக்கு வீரர். 1964ல் அவர் செய்த சிவப்பு நிற வண்டிதான் முதல் 'மேயர்ஸ் மேங்ஸ்'. 1967 ஏப்ரலில் அவரும் டெட் மேங்கல்ஸும் அந்த வண்டியில் மெக்ஸிகோவின் பாஹா தீபகற்பத்தை 34 மணி 45 நிமிடத்தில் கடந்தார்கள். அதற்கு முன் மோட்டார் சைக்கிளில் செய்த சாதனையைவிட இது ஐந்து மணி நேரத்துக்கு மேல் குறைவு. தீபகற்பம் முழுக்கத் தார்ச்சாலை வந்ததே 1973ல்தான் என்றால் அந்தப் பாதை எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளலாம். அதே 1967ன் கடைசியில் அங்கே நடந்த முதல் 'மெக்ஸிகன் 1000' பந்தயத்திலும் விக் வில்சனும் டெட் மேங்கல்ஸும் ஓட்டிய மேங்ஸ்தான் ஜெயித்தது. புறப்பட்டவற்றில் பாதி வண்டிகள்கூட முடிவுக்கோட்டைத் தொடவில்லை.

பிறகு என்ன, எல்லோருக்கும் பக்கி ஆசை வந்துவிட்டது. மேயர்ஸ் தன் வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். நகல் எடுத்தவர்கள் மேல் வழக்குப் போட்டுத் தோற்றார். கம்பெனி 1971ல் மூடப்பட்டது. அதற்குப் பிறகும் நகல்கள் பெருகிக்கொண்டே போயின.

எஞ்சின் சூட்டுக்கும் இந்த வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சம்பந்தம் இருக்கிறது. பக்கி என்பது ஒரு 'கிட்'. விற்பவர் உடலை மட்டும் விற்பார். எஞ்சினை வாங்குகிறவரே காயலான் கடையில் தேடி, தானே மாட்டிக்கொள்ள வேண்டும். அதாவது ஒவ்வொரு பக்கியும் தனி ரகம். முழு வண்டிக்கும் பொறுப்பு என்று சொல்ல ஒரு என்ஜினீயர் கிடையாது. ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலையில் யாரோ யோசித்துப் போட்ட தகரம் எதற்கு என்று, கொல்லைப்புறத்தில் ஸ்பேனரோடு நின்ற பையனுக்குச் சொல்ல ஆள் இல்லை.

என்னென்ன தப்பு நடந்தது?

பக்கி கட்டியவர்கள் திரும்பத் திரும்பச் செய்த தவறுகளை வரிசைப்படுத்தினால் அதுவே ஒரு பாடப்புத்தகம் ஆகும்.

1. தகரத்தைக் கழற்றியது. "எஞ்சின்தான் திறந்தவெளியில் இருக்கிறதே, நல்லாக் காற்று படும்" என்ற நினைப்பு. உண்மையில் மூடி இல்லாவிட்டால் ஃபேன் காற்று சுலபமான வழியில் ஓடிவிடும், ஃபின்களுக்குள் நுழையாது. அடியில் இருக்கும் சின்னத் தகடுகளோ எஞ்சினைப் பிரித்துக் கட்டும்போது தொலைந்தே போகும். கிடைத் தளம் இல்லாவிட்டால் புகைக்குழாயில் சுட்ட காற்று மேலே ஏறி மறுபடி ஃபேனுக்குள்ளேயே போகும்.

2. ஓட்டையை அடைக்காதது. பீட்டிலில் காருக்குள் ஹீட்டருக்காக ஃபேன் கூட்டிலிருந்து இரண்டு குழாய்கள் பிரியும். பக்கிக்கு ஹீட்டர் எதற்கு என்று குழாயை எடுத்துவிடுவார்கள். ஆனால் கூட்டில் இருக்கும் இரண்டு துளைகளை மூட மறந்துவிடுவார்கள். சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று அதில் வீணாகும். காலணா மூடி, விலையோ ஒரு எஞ்சின்!

3. சின்ன புல்லி. ஃபேனைச் சுற்றவே எஞ்சின் சக்தியில் ஒரு பங்கு போகிறது. அதை மிச்சம் பிடிக்க கிராங்கில் சிறிய புல்லியை மாட்டினார்கள். ஃபேனின் வேகம் குறைந்தது. அதிக வேகத்தில் ஓடும் பந்தயத்துக்குச் சரி. மணலில் ஊர்ந்து போகும் வண்டிக்கு அது விஷம்.

4. தெர்மோஸ்டாட்டையும் மடல்களையும் பிடுங்கியது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது காற்றைத் தடுக்கக் கூட்டுக்குள் மடல்கள் உண்டு. வெயில் ஊரில் தேவையில்லை என்று எடுத்துவிட்டார்கள். அந்த மடல்கள் திறந்திருக்கும்போது காற்றைத் திசை திருப்பிவிடும் வேலையையும் பார்த்தன என்பது பிறகுதான் உறைத்தது.

5. அழுக்கு. ஆயில் கசிந்த ஃபின் மேல் மணல் ஒட்டினால் அது சுட்ட செங்கல் மாதிரி இறுகிவிடும். நீண்ட நாள் நிறுத்தி வைத்த எஞ்சின் என்றால் கூட்டுக்குள் எலி கூடு கட்டியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

6. ஓட்டும் விதம். ஃபேனின் வேகம் எஞ்சினைப் பொறுத்தது, வண்டியின் வேகத்தைப் பொறுத்தது அல்ல. ஆழமான மணலில் பெரிய கியரில் எஞ்சினைத் திணறத் திணற ஓட்டினால் சூடு அதிகம், காற்று கம்மி. சின்ன கியரில் எஞ்சினை நன்றாகச் சுற்றவிட்டு ஏறுவதே இந்த எஞ்சினுக்கு ஆரோக்கியம். 'எஞ்சின் கத்துதே, பாவம்' என்று இரக்கப்பட்டு கியரை மாற்றியவர்கள்தான் அதைக் கொன்றார்கள்.

இதோடு ஆசையும் சேர்ந்தது. போருக்குப் பிந்தைய 1,131 சி.சி. எஞ்சினின் சக்தி 25 குதிரைத்திறன்தான். ஃபோக்ஸ்வாகனே அதை 1,584 சி.சி. வரை கொண்டுபோனது. பக்கிக்காரர்கள் சிலிண்டரைப் பெரிதாக்கி 1,800, 2,100 சி.சி. என்று போனார்கள். சக்தி ஏறும்போது சூடும் ஏறும். கணக்கில் வரவு மட்டும் கூடி, செலவு கூடாமல் இருக்குமா?

மூன்றாம் சிலிண்டரின் சோகம்

எல்லாப் பழியையும் பக்கி கட்டியவர்கள் மேல் போடுவது நியாயமில்லை. தொழிற்சாலையின் வடிவத்திலேயே ஒரு பலவீனம் இருந்தது. எஞ்சின் ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர், ஃபேன் கூட்டுக்குள்ளேயே இடப்பக்கம் நிமிர்ந்து நின்றது. அதற்கு நேர் கீழே மூன்றாம் சிலிண்டர். மற்ற சிலிண்டர்களுக்குப் புதுக்காற்று, மூன்றாவதற்கு மட்டும் கூலரில் சுட்ட மிச்சக் காற்று. பந்தியில் கடைசியில் உட்கார்ந்தவன் நிலைமை!

கம்பெனிக்கு இது தெரியும். சில வருட மாடல்களில் மூன்றாம் சிலிண்டருக்கு மட்டும் ஸ்பார்க் சில டிகிரி தாமதமாக விழும்படி டிஸ்ட்ரிபியூட்டரை அமைத்தார்கள். நோயாளிக்கு வேலையைக் குறைத்துக் கொடுப்பது மாதிரி. உண்மையான மருந்து 1971 மாடலில் வந்தது. ஆயில் கூலரைக் கூட்டுக்கு வெளியே தள்ளி, அதற்கென்று தனிக் காற்றுப் பாதை போட்டு, ஃபேனையும் அகலமாக்கினார்கள். இந்தப் புதுக் கூட்டுக்கு 'டாக்ஹவுஸ்' (நாய்க்கூண்டு) என்று செல்லப்பெயர். பழைய எஞ்சின் வைத்திருந்த பக்கிக்காரர்கள் இந்தக் கூட்டைத் தேடி வாங்கி மாட்டத் தொடங்கினார்கள்.

நோய் கண்டுபிடித்த விதம்

பீட்டிலில் வெப்பமானி கிடையாது. விளக்கு மட்டும்தான், அதுவும் எல்லாம் முடிந்த பிறகு எரியும். அதனால் பக்கிக்காரர்கள் உடம்பைத் தொட்டுப் பார்க்கும் வைத்தியர் மாதிரி அறிகுறிகளைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஏற்றத்தில் எஞ்சின் 'டிங் டிங்' என்று தட்டுவது, மெதுவாக ஓடும்போது ஆயில் விளக்கு மினுக்குவது, சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் எஞ்சின் இரண்டு மூன்று சுற்று ஓடுவது, இவையெல்லாம் காய்ச்சலின் அடையாளங்கள்.

அதைவிட நுட்பமான அடையாளம் ஒன்று உண்டு. 1,600 எஞ்சினில் வால்வுக்கு விடும் இடைவெளி வெறும் 0.15 மி.மீ. சூட்டில் எக்ஸாஸ்ட் வால்வு நீள ஆரம்பித்தால் அந்த இடைவெளி குறையும். ஒவ்வொரு முறை சரிசெய்யும்போதும் மூன்றாம் சிலிண்டரில் மட்டும் இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது என்றால், அந்த வால்வு உடைந்து பிஸ்டனைக் குத்துவதற்கு முன் கொடுக்கும் எச்சரிக்கை அது. 1969ல் ஜான் மியூர் எழுதி வெளியிட்ட ஃபோக்ஸ்வாகன் பழுதுபார்ப்புப் புத்தகம், மெக்கானிக் அல்லாத சாதாரண மனிதர்களும் இந்த மாதிரி வேலைகளைத் தாங்களே செய்யத் துணிவு கொடுத்தது.

பிறகு கருவிகள் வந்தன. ஆயில் அளவு பார்க்கும் குச்சியின் இடத்தில் செருகும் வெப்பமானி, ஸ்பார்க் பிளக்குக்கு அடியில் வளையமாக வைத்து ஹெட்டின் சூட்டை அளக்கும் மீட்டர். ஆயில் சூடு 120 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நிறுத்திவிட வேண்டும் என்று ஒரு கணக்கும் வந்தது.

அனுபவசாலிகள் ஒரு வரிசையையும் உருவாக்கினார்கள். முதலில் மீட்டர் உண்மை சொல்கிறதா என்று பார். அடுத்து பெல்ட், ஸ்பார்க் டைமிங், கார்புரேட்டர் கலவை. (பெட்ரோல் குறைந்த கலவையும், சீக்கிரம் விழும் ஸ்பார்க்கும் ஹெட்டைச் சுட வைக்கும்.) அதன் பின் தகரம், துளை, அழுக்கு. இத்தனையும் சரியாக இருந்தும் சூடு இறங்காவிட்டால் மட்டும் கூடுதல் ஆயில் கூலருக்குக் காசு செலவழி. பலர் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். முதலில் பெரிய ஆயில் கூலர், கூடுதல் ஆயில் தொட்டி என்று வாங்கினார்கள். இரண்டரை லிட்டர் மட்டுமே ஆயில் பிடிக்கும் எஞ்சினுக்கு அந்தத் தொட்டி உதவும்தான். ஆனால் எஞ்சினுக்கு அடியில் தொங்கும் தொட்டி பாறையில் இடித்து உடைந்தால், சூட்டுக்குப் பயந்து ஆயிலையே இழந்த கதை ஆகும்.

தண்ணீர் திரும்பி வந்தது

1974ல் ஃபோக்ஸ்வாகனே தண்ணீரால் குளிரும் கோல்ஃப் காருக்கு மாறியது. பக்கிகளிலும் மெல்ல மெல்லத் தண்ணீர் எஞ்சின்கள் ஏறின. குறிப்பாக ஜப்பானின் சுபாரு எஞ்சின். அதுவும் படுத்த சிலிண்டர்கள் கொண்டது என்பதால் பீட்டிலின் கியர்பாக்ஸோடு இணைக்க வசதி. சூட்டுப் பிரச்சினை ஒழிந்தது என்று நினைத்தால், அது வேறு வேஷத்தில் வந்தது.

ரேடியேட்டரை எங்கே வைப்பது? முன்னால் வைத்தால் கல்லும் சேறும் அடிக்கும், பின்னால் இருக்கும் எஞ்சின் வரை நீண்ட குழாய் இழுக்க வேண்டும். பின்னால் வைத்தால் எதிர்காற்று கிடைக்காது, மின்சார ஃபேனை நம்ப வேண்டும். ரேடியேட்டரின் ஓரங்களை அடைக்காவிட்டால் ஃபேன் சுட்ட காற்றையே திரும்பத் திரும்ப இழுக்கும். குழாயின் ஏதோ ஒரு மேட்டில் காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டால் தண்ணீர் சுற்றாது. அதனால் தண்ணீர் ஊற்றும் வாய்தான் எல்லாவற்றையும்விட உயரமான இடத்தில் இருக்க வேண்டும். பீட்டிலில் காற்றை விரட்டியவர்கள் இங்கே காற்றை வெளியேற்றப் பாடுபட்டார்கள்!

இன்றும் முடியாத கதை

1976ல் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்கள் தாங்களே பக்கி கட்டிப் போட்டியிடும் 'பாஹா எஸ்.ஏ.ஈ.' தொடங்கியது. இந்தியாவிலும் 2007ல் அது வந்தது. மத்தியப் பிரதேசத்தின் பீதாம்பூரில் நம் மாணவர்கள் புழுதி கிளப்பினார்கள். அந்த வண்டிகளில் அடிக்கடி சூடாவது ரப்பர் பெல்ட்டால் ஓடும் சி.வி.டி. கியர் அமைப்பு. புழுதி போகாமல் இறுக்கமாக மூடினால் உள்ளே பெல்ட் கருகும். திறந்துவிட்டால் புழுதியும் சேறும் புகுந்து பெல்ட் வழுக்கும். காற்று எந்த வழியாக உள்ளே வந்து எந்த வழியாக வெளியே போகும் என்று யோசித்த அணி தப்பிக்கிறது.

பீட்டிலின் கடைசிக் கார் 2003 ஜூலை 30 அன்று மெக்ஸிகோவின் பியூப்ளாவில் வெளிவந்தது. மொத்தம் 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல். மேயர்ஸின் அந்தச் சிவப்பு வண்டி 2014ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம் பிடித்தது. மேயர்ஸ் 2021ல், தன் 94வது வயதில் காலமானார்.

எடையைக் குறைப்பதுதான் பக்கியின் தத்துவம். கதவு, கூரை, கண்ணாடி என்று எதைக் கழற்றினாலும் வண்டி இன்னும் வேகமாக ஓடியது. அந்தப் பழக்கத்தில் கை அடுத்ததாகத் தகரத்துக்குப் போனது. கதவைக் கழற்றினால் இழப்பு உடனே கண்ணுக்குத் தெரியும். தகரத்தைக் கழற்றினால் ஐம்பது மைல் தள்ளி, ஆள் அரவமற்ற பாலைவனத்தில், மூன்றாம் சிலிண்டர் வந்துதான் சொல்லும்.